ஐந்தரை மணி நேரம்

முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி, கணிப்பொறி அறிவியல் துறை

பொழுதை அளந்து சொல்வது ஒரு காலத்தில் தனித் தொழிலாக இருந்தது. முல்லைப்பாட்டிலே, பாசறையில் தங்கியிருக்கும் அரசனுக்கு நீர் வட்டிலைப் பார்த்து நாழிகை அறிந்து கூறுவோர் வருகின்றனர். அவர்களைப் பொய் கூறாதவர்கள் என்று சிறப்பித்தே புலவர் நப்பூதனார் பாடுகிறார். எண்ணிப் பார்த்தால் அந்தச் சிறப்பின் பொருத்தம் விளங்கும். நேரம் சொல்பவன் ஒருவன் பிழைபடச் சொன்னால், அதைக் கேட்டு நடக்கும் நூறு பேருடைய செயலும் பிழைபட்டுப் போகும் அன்றோ?

இன்று அந்தத் தொழிலைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேர்வுக் கட்டணம் செலுத்தியது எப்போது, விண்ணப்பம் சேர்ந்தது எப்போது, வங்கியில் பணம் ஏறியது எப்போது என்று ஒவ்வொன்றின் மீதும் அது நேர முத்திரை குத்துகிறது. அந்த முத்திரையை நாம் கேள்வி கேட்பதில்லை. இயந்திரத்திற்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆகவே அது பொய் சொல்லாது என்று நம்புகிறோம். விருப்பு வெறுப்பு இல்லை என்பது உண்மைதான். பொய் சொல்லாது என்பது அவ்வளவு உறுதியானதன்று. சென்ற ஆண்டு எங்கள் துறையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை எனக்கு நன்கு உணர்த்தியது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சர்வர் உண்டு. சர்வர் என்றவுடன் இலை போட்டுத் தண்ணீர் வைத்து, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இதுவும் செய்வது ஏறத்தாழ அந்த வேலையைத்தான். ஆய்வகத்திலுள்ள மற்றக் கணிப்பொறிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும். அவை கொடுப்பதை வாங்கிப் பத்திரமாக வைக்கும். இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அக மதிப்பெண்ணுக்குரிய நிரல்களை எழுதி அதில்தான் சேர்ப்பார்கள். எந்தக் கோப்பு எந்த நேரத்தில் வந்தது என்பதை அது தானாகவே குறித்துக்கொள்ளும்.

அந்த முறை கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசி நேரம் மாலை 5 மணி. பெரும்பாலோர் புதன், வியாழக் கிழமைகளிலேயே சேர்த்துவிட்டனர். வெள்ளி பிற்பகலில் சேர்த்தவள் ஒரே ஒரு மாணவி. திங்களன்று பேராசிரியர் பட்டியலைத் திறந்தார். அவள் பெயருக்கு நேரே இருந்தது வெள்ளி இரவு 9 மணி 12 நிமிடம்!

ஆய்வகத்தை மாலை 5.30 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து அந்தச் சர்வரைத் தொட வழியில்லை. அப்படியானால் இரவு 9 மணிக்கு உள்ளே இருந்தது யார்? சாவி எப்படிக் கிடைத்தது? கூட யார் இருந்தார்கள்? கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

"நான் மூணே முக்காலுக்கே முடிச்சுட்டேன் சார். நாலரை பஸ்ஸுக்குப் போயிட்டேன்" என்றாள் அவள்.

பேராசிரியர் நல்லவர், மாணவர்களிடம் பரிவு மிக்கவர். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. "கம்ப்யூட்டர் ஏம்மா பொய் சொல்லப் போகுது?"

மறுநாள் தந்தையை அழைத்து வரும்படி சொல்லிவிட்டார்கள். அவள் மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வருபவள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"மார்க் போனாப் போகட்டும் அக்கா. ராத்திரி ஒன்பது மணிக்குக் காலேஜ்ல இருந்தேன்னு அப்பா காதுல விழுந்தா, அதோட என் படிப்பு முடிஞ்சுது" என்றாள்.

இயந்திரம் குறித்த ஓர் எண்; ஒரு பெண்ணின் சொல். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எல்லாரும் எண்ணை நம்பினார்கள். அந்தச் சர்வரைப் பேணும் வேலையில் முதுநிலை மாணவர்களுக்கும் பங்கு உண்டு. வெள்ளியன்று நாங்கள் வெளியூரில் ஒரு கருத்தரங்கிற்குப் போயிருந்தோம். நான் பேராசிரியரிடம் சென்று, "ஒரு நாள் டைம் கொடுங்க சார். சர்வர் சொல்ற நேரம் சரியான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் இசைந்தார்.

இரண்டு கடிகாரங்கள்

ஆய்வகத்திற்குள் நுழைந்ததும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பகல் 11.40. சர்வரின் திரையில் பார்த்தேன். மாலை 5.10. வேறுபாடு ஐந்தரை மணி நேரம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடிகாரம் கெட்டு ஓடினால் ஏழு நிமிடம் பிந்தும், நாற்பது நிமிடம் முந்தும். இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. ஐந்தரை என்பது நம் நாட்டு நேரத்திற்கும் கிரீன்விச் அடிப்படையிலான உலகப் பொது நேரத்திற்கும் உள்ள வேறுபாடு. உலகம் ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெருக்கிப் பாருங்கள்: 330 நிமிடம். அதாவது ஐந்தரை மணி. ஆகவே நான் தேட வேண்டியது பழுதான கடிகாரத்தை அன்று. மொழி மாறிப் பேசிக்கொண்ட இரண்டு கடிகாரங்களை என்பது விளங்கிற்று.

ஆம், கணிப்பொறிக்குள் இருப்பவை இரண்டு கடிகாரங்கள். ஒன்று தாய்ப்பலகையில் இருக்கும் வன்பொருள் கடிகாரம். காசு வடிவிலான 3 வோல்ட் மின்கலம் ஒன்று அதற்கு உயிர் கொடுக்கிறது. மின்சாரம் போனாலும், இயந்திரத்தை அணைத்தாலும் அது விழித்திருக்கும். அதற்குள் இருக்கும் சிறு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் 1 வரும். அதுவே ஒரு விநாடி. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியிலேயே இப்படி மின்கலத்தோடு கூடிய கடிகாரச் சில்லு இடம் பெற்றுவிட்டது.

மற்றொன்று இயங்குதளம் தன் நினைவில் நடத்தும் மென்பொருள் கடிகாரம். நாம் திரையில் காண்பதும், கோப்புகளில் முத்திரையாக விழுவதும் இதன் நேரமே. ஆனால் மின்சாரம் போனால் இது மறைந்துவிடும். மீண்டும் எழும்போது, தூங்கி விழித்தவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது போல, வன்பொருள் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து நேரத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். அதன்பின் தன் போக்கில் எண்ணத் தொடங்கும்.

சிக்கல் இந்தக் கடன் வாங்கும் நொடியில்தான் பிறக்கிறது. வன்பொருள் கடிகாரம் வெறும் எண்ணை மட்டுமே சொல்லும். "பன்னிரண்டரை" என்று அது சொன்னால், அது கிரீன்விச் பன்னிரண்டரையா, இந்தியப் பன்னிரண்டரையா என்பதை அது சொல்லாது. இயங்குதளம் தானாக ஒன்றைக் கொள்ள வேண்டும். லினக்ஸ் இயங்கும் சர்வர்களில் அதை உலகப் பொது நேரமாகக் கொள்வதே பெருவழக்கு.

ஒரே ஊரில் இரண்டு கடிகாரங்கள் இருந்த காலம் நம் நாட்டிலும் உண்டு. சென்னை வானியல் ஆய்வுக் கூடத்தினரால் 1802-இல் கணிக்கப்பட்ட சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பின்னாளில் இந்திய இரயில்கள் அந்தச் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. ஊர்களோ தத்தம் உள்ளூர் நேரத்தை வைத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வகுக்கப்பட்ட பின்னும், கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தம் பழைய நேரத்தைக் கைவிடவில்லை. இரயிலடிக் கடிகாரம் ஒன்று சொல்லும். ஊர்க் கடிகாரம் ஒன்று சொல்லும். எது யாருடைய நேரம் என்று அறியாதவன் வண்டியைத் தவறவிட்டான். எங்கள் சர்வருக்கும் அதே கதிதான்.

நடந்தது என்ன?

ஆய்வக உதவியாளரிடம் கேட்டேன். "அண்ணே, வெள்ளிக்கிழமை இந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"வியாழக்கிழமை ராத்திரி பூரா கரண்ட் இல்லம்மா. யூ.பி.எஸ்.ஸும் தீர்ந்து போச்சு. காலையில போட்டா ஏதோ பழைய வருஷம், ஜனவரி ஒண்ணாந்தேதின்னு காட்டுச்சு. கடையிலிருந்து ஒரு தம்பி வந்து பேட்டரி மாத்தினாரு. கையில கட்டியிருந்த வாட்சைப் பார்த்து மணி வச்சுட்டுப் போனாரு."

முழுக் கதையும் அந்த ஐந்து வாக்கியங்களில் அடங்கியிருந்தது. காசு மின்கலம் ஆண்டுக் கணக்கில் உழைத்து ஓய்ந்துவிட்டது. சுவர் மின்சாரம் இருந்தவரை அந்த ஓய்வு வெளியே தெரியவில்லை. இரவு முழுதும் மின்சாரம் இல்லாமற்போகவே, வன்பொருள் கடிகாரம் நினைவிழந்து, தொழிற்சாலையில் எழுதப்பட்ட பழைய தேதிக்குத் திரும்பிவிட்டது. வந்த தொழிலாளி புது மின்கலம் போட்டார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியான இந்திய நேரத்தைத்தான் வைத்தார். அவர் வைத்த நேரத்தில் ஒரு குறையும் இல்லை. சர்வரோ அதனைக் கிரீன்விச் நேரமாகப் படித்து, இந்தியருக்குக் காட்டுவதற்காக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கொண்டது. இருவரும் தத்தம் முறைப்படி சரியாகவே நடந்தார்கள். தவறு இருவருக்கும் இடையில் நின்றது.

இதை நான் ஊகமாக விட்டுவிட விரும்பவில்லை. ஒரு கட்டளை கொடுத்தால் உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், வன்பொருள் நேரம் ஆகிய மூன்றையும் சர்வர் அடுத்தடுத்துக் காட்டும். உலகப் பொது நேரமும் வன்பொருள் நேரமும் என் கைக்கடிகாரத்தோடு அப்படியே ஒத்திருந்தன. நம் கையில் பகல் 12 ஆகும்போது கிரீன்விச்சில் காலை 6.30 அல்லவா ஆக வேண்டும்? அங்கும் 12 என்று சர்வர் சொன்னது. அட்ஜ்டைம் என்னும் சிறு கோப்பின் மூன்றாம் வரியில், வன்பொருள் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதாகவே எழுதியிருந்தது.

காவலாளி ஏன் கூவவில்லை?

இங்கே ஓர் ஐயம் எழலாம். சர்வர்கள் இணையத்தின் வழியே சரியான நேரத்தைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளுமே! ஆம். அதற்கென ஒரு நெறிமுறை உண்டு; என்.டி.பி. என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக் கழகப் பேராசிரியராக விளங்கிய டேவிட் மில்ஸ் 1985-இல் அதனை வெளியிட்டார். பிறவியிலேயே கண்நோய் கொண்டிருந்த அவர், உலகக் கணிப்பொறிகளெல்லாம் ஒரே நேரம் பார்க்க வழி செய்துவிட்டு 2024-இல் மறைந்தார். ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்கு நேரம் கேட்டு எழுதுகிறது. கேள்வி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், விடை புறப்பட்ட நேரம், திரும்பி வந்த நேரம் என்னும் நான்கையும் வைத்து, வழியில் கழிந்த காலத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டுத் தன் கடிகாரத்தை மெல்லத் திருத்துகிறது. படிப்படியாக மேலே போனால் அந்த நேரம் அணுக் கடிகாரத்தில் போய் முடியும். நம் நாட்டில் அத்தகைய கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

எங்கள் சர்வரிலும் அந்த நிரல் இருந்தது. அதன் குறிப்பேட்டைத் திறந்து படித்தேன். வெள்ளியன்று எழுந்ததும் அது நேரம் கேட்டிருக்கிறது. வேறுபாடு 19,800 விநாடி என்று அறிந்திருக்கிறது. அறிந்ததும், "பிழை வரம்பு மீறியது, நேரத்தைக் கையால் சரிசெய்க" என்னும் பொருள்பட ஒரு வரி எழுதிவைத்துவிட்டுத் தன் பணியை நிறுத்திக்கொண்டிருக்கிறது! தனியாக இசைவு கொடுத்திருந்தாலன்றி, 1000 விநாடிக்கு மேற்பட்ட பிழையை அது தானே திருத்தாது. இது சோம்பல் அன்று. அவ்வளவு பெரிய வேறுபாடு கண்டால் கேட்ட இடமே தவறாக இருக்கலாம். மனிதர் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று எண்ணி வைத்த ஏற்பாடு. காவலாளி கூவத்தான் செய்தான். அவன் கூவியது யாரும் திறந்து பாராத ஏட்டில்.

பிறகு மற்றச் சான்றுகளைத் திரட்டினேன். சர்வர் எழுந்த நேரம் வெள்ளி மாலை 6.02 என்று அதன் குறிப்பேடு கூறிற்று. ஐந்தரையைக் கழித்தால் பகல் 12.32. தொழிலாளி விட்டுச் சென்ற பணிச் சீட்டில் இருந்ததும் பகல் 12.30. அன்றி, 6.02 என்பதே உண்மையானால், 5.30-க்குப் பூட்டிய அறையில் சர்வர் தானே எழுந்து உட்கார்ந்ததா? எழுந்தது முதல் திங்கள் வரை இடையில் எவரும் நேரத்தை மாற்றவில்லை என்பதும் அதே குறிப்பேட்டில் தெரிந்தது. இனி, மாணவியின் கோப்பு. இரவு 9.12-இல் ஐந்தரையைக் கழியுங்கள். பிற்பகல் 3.42. ஆய்வக வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். நீல மையில் அவள் கையெழுத்து: உள்ளே 2.10, வெளியே 3.50.

விலை உயர்ந்த இயந்திரம் தவறாகச் சொன்னதை, நூல் பிரிந்த பழைய பதிவேடு சரியாகச் சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு கழித்தலையும் தாமே போட்டுப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, பட்டியலில் 9.12 என்பதை அடித்து 3.42 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். அவளை அழைத்து, "அப்பாவைக் கூட்டிட்டு வர வேண்டாம்மா. தப்பு கடிகாரத்துல" என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

சரிசெய்த முறை

சர்வரைச் சரிசெய்தது அதன்பின் எளிதாகவே முடிந்தது. முதலில் இணைய நேரத்தைக் கொண்டு மென்பொருள் கடிகாரத்தைத் திருத்தினேன். அடுத்து, அந்த நேரத்தை உலகப் பொது நேரமாக வன்பொருள் கடிகாரத்தில் எழுதும்படி கட்டளையிட்டேன். இந்த வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்தால் பிழையே மீண்டும் பிழைக்குப் படியெடுக்கப்படும். எழும்போது ஒரே ஒரு முறை மட்டும் எவ்வளவு பெரிய பிழையையும் திருத்தலாம் என்று நேர நிரலுக்கு இசைவு கொடுத்தேன். பின்னர்ச் சர்வரை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கி, ஒரு மணி நேரம் கழித்து மாட்டிப் பார்த்தேன். வெறுமனே மறுதொடக்கம் செய்து பார்ப்பது போதாது. மின்கலத்தின் வலிமை மின்சாரம் அறவே இல்லாதபோதுதான் தெரியும். "மணி வைக்கும்போது கிரீன்விச் நேரம் வைக்கவும், நம் நேரத்தில் ஐந்தரையைக் கழிக்கவும்" என்று ஒரு சீட்டு எழுதிப் பெட்டியின் மீது ஒட்டினேன்.

இவ்வளவு செய்தாலும் படிகம் படிகந்தான். வெயிலுக்கும் குளிருக்கும் அதன் துடிப்பு மாறும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 விநாடி தவறும். ஒரு விநாடிக்கு உட்பட்ட பிழைதானே என்று எண்ணலாமா? 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கருவி 100 மணி நேரம் ஓயாது இயங்கியிருந்தது. அதன் உள்ளே நேரம் எண்ணும் கணக்கில் சேர்ந்திருந்த பிழை ஏறத்தாழ 0.34 விநாடி. அதனால் பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையை வேறிடத்தில் தேடித் தவறவிட்டது. 28 படைவீரர்கள் மாண்டனர். கண் இமைக்கும் பொழுதும் சில இடங்களில் உயிரின் விலை பெறும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை அலுவலகங்களில் அமர்ந்து, இயந்திரம் தரும் பட்டியல்களைப் பார்த்துப் பிறரைப் பற்றி முடிவு செய்யப் போகிறவர்கள். "காலம் கடந்து விண்ணப்பித்தார்", "தாமதமாக வந்தார்", "அந்த நேரத்தில் அங்கே இருந்தார்" என்று எழுதப் போகிறவர்கள். கணிப்பொறியை நம்ப வேண்டாம் என்று நான் கூறவில்லை. நேர முத்திரை ஒரு சாட்சி என்று மட்டும் கூறுகிறேன். எந்த நீதிமன்றமும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதுவதில்லை. "உனக்கு இந்த நேரத்தைச் சொன்னது யார்? எந்த ஊர் நேரத்தில் சொல்லுகிறாய்? கடைசியாக உன்னைச் சரிபார்த்தது எப்போது?" என்று மூன்று கேள்விகள் கேட்க ஒரு நிமிடம் போதும்.

இயந்திரம் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லாது. ஏட்டில் எழுதிவைத்துவிட்டு வாளாவிருக்கும். எதிரே நிற்கும் மனிதர் சொல்வார்; குரல் தழுதழுத்தாலும் சொல்வார். அந்தக் குரல் ஒன்று சொல்ல, எண் வேறொன்று சொன்னால், முதலில் எண்ணைச் சரிபார்ப்போம். மின்கலம் மாற்றச் சில பத்து ரூபாய் ஆகும். நின்றுபோன ஒரு பெண்ணின் படிப்பை மீட்க எவ்வளவு ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்?